பின்சீட்டுக்கு அடியில் கேட்ட சத்தம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வண்டியில் சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் தெரியவில்லை என்றால் மெக்கானிக் சரியில்லை, அவ்வளவுதான். காரைக்காலில் பட்டறை நடத்திய இத்தனை வருடமும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதுகளின் ஆரம்பம். கோட்டுச்சேரியில் அந்துவான் என்று ஒரு சொல்தா இருந்தார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கி வந்தவர்களை அப்படித்தான் சொல்வோம். கப்பலில் ஒரு கார் கொண்டுவந்திருந்தார், அந்தக் காலத்திலேயே கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வைத்தது. அவர் இறந்து இரண்டு வருடமாக அது ஷெட்டில் கிடந்தது. மகன் அம்மாவை பிரான்சுக்கே கூட்டிப்போக வந்திருந்தான். அந்துவானின் மனைவி மதலேனம்மாவுக்கு ஒரே ஆசை, கிளம்புமுன் கல்லறைத் திருநாளன்று அதே காரில் போய் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். "இனிமே நான் திரும்பி வரப்போறதில்ல காசிம் தம்பி" என்றார்.

இன்ஜெக்‌ஷனுக்கு இங்கே சாமான் கிடைக்காது. அதை மொத்தமாகக் கழற்றிவிட்டு அம்பாசடர் கார்புரேட்டர் போட வேண்டும், எலி கடித்த ஒயரிங்கையும் புதிதாக இழுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"சாவியத் திருப்புனா பின்னாடி ஙொய்ங்குன்னு ஒரு சத்தம் வருமே, அது இருக்கும்ல?"

அவர் கணவர் கிளம்பலாம் வா என்று வாயால் கூப்பிட்டதே கிடையாதாம். சாவியைத் திருப்பி அந்தச் சத்தத்தை ஓடவிட்டுக் காத்திருப்பாராம், இவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்வாராம். நான் பழைய ஒயரை வெட்டிக்கொண்டே, யோசிக்காமல், "இருக்கும்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

அது பின்சீட்டுக்கு அடியில் இருந்த, இன்ஜெக்‌ஷனுக்குப் பெட்ரோல் தள்ளுகிற கரண்ட் பம்பின் சத்தம் என்பது, மறுநாள் அதைக் கழற்றும்போதுதான் உறைத்தது. பாட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தேன், மோட்டார் கருகிப்போயிருந்தது, அசையவில்லை. கார்புரேட்டருக்கு அது தேவையும் இல்லை. பேப்பரில் சுற்றிப் பட்டறை அலமாரியில் போட்டேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

திருநாளன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மகன் கல்லறையைச் சுத்தம் செய்ய முன்னாலேயே போயிருந்தான். அம்மா இன்னும் வெளியே வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவன், மீட்டரைப் பார்க்கலாம் என்று சாவியைத் திருப்பினேன். நம்பினால் நம்புங்கள், பின்சீட்டுக்கு அடியில் ஙொய்ங் என்றது.

கை சாவியிலேயே நின்றுவிட்டது. ஒயரிங் முழுக்க நான் இழுத்தது, பின்னால் போவது விளக்குகளுக்கு மட்டும்தான். சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. கதவு திறந்தது, மதலேனம்மா மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு வந்தார், வீட்டைப் பூட்டினார், அவசரமே இல்லாமல் நடந்து வந்து முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சத்தம் நின்றது.

"சொன்ன மாதிரியே வச்சிருக்கீங்க தம்பி" என்று என் தோளைத் தொட்டார். எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டு போனேன், அவர் வழி முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

திரும்பி வந்ததும் நேராக அலமாரிக்குப் போனேன். பேப்பர் சுற்றினது சுற்றினபடி இருந்தது. பிரித்து பம்பைக் கையில் எடுத்தேன், சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை, ஓடி நின்ற மோட்டாரின் சூடு. அது என் கைக்குத் தெரியாதா?

அம்மா பிரான்சிலேயே காலமாகிவிட்டதாகப் பிறகு மகன் எழுதினான். பம்ப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாட்டரியில் இரண்டு ஒயரை வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும், இன்றுவரை வைக்கவில்லை. ஓடாவிட்டால் ஒன்றும் இல்லை. ஓடிவிட்டால், இப்போது யாரைக் கூப்பிடுகிறது என்று எனக்குத் தெரியாது.