பின்பக்கத்துக் கையெழுத்து

அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்கும் முன்னால் சந்தேகம் வந்துவிடும். ரிப்பேருக்கு எதைக் கொடுத்தாலும் ஒரிஜினலை உருவிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிடுவார்கள், அடையாளம் வைத்துக் கொடு என்பது மின்சார ரயிலில் என்னோடு வந்தவர்கள் ஓதிய வேதம்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு டேப்ரெகார்டரில் இடதுபக்க ஸ்பீக்கர் கிழிந்து, பாட்டுப் போட்டால் கர்ர்கர்ரென்று இருமியது. பின் மூடியைக் கழற்றி, இடதுபக்க ஸ்பீக்கரின் காந்தத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். மூடியை மாட்டி, மேற்குத் தாம்பரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் செட்டைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போனபோது கடையில் ஏழெட்டுப் பேர். புதுக் காகிதக் கோன் ஒட்டிய ஸ்பீக்கர் மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் செட்டில் மாட்டவில்லை. எடுத்துத் திருப்பினேன். காந்தத்தில் கையெழுத்து இல்லை.

“என் ஸ்பீக்கர் எங்க பாய்?”

“இதான் சார். பேப்பர் மட்டும்தான் மாத்திக்கீறேன். காந்தம் உங்களுதுதான்.”

“யாருகிட்ட காது குத்துற? கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்யா! திருட்டுப் பொழப்பு பொழைக்க வெக்கமா இல்ல?”

அவர் முகம் செத்துவிட்டது. ரேடியோ கொண்டுவந்திருந்த ஒரு பெண்மணி அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நழுவினார்கள். நான் கூலியை மேஜையில் எறிந்துவிட்டு, செட்டையும் ஸ்பீக்கரையும் அள்ளிக்கொண்டு, ஏதோ ஜெயித்தவன் மாதிரி வந்தேன்.

வீட்டில் மாட்டலாமென்று மூடியைத் திறந்தால், ரிப்பேரே ஆகாத அடுத்த ஸ்பீக்கரில் என் கையெழுத்து. பின்னாலிருந்து பார்த்த இடது, முன்னால் வலது! கிழியாத ஸ்பீக்கரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மடையன்.

“ஐயோ, அந்த மனுஷனைப் போய்த் திருடன்னா சொன்னீங்க?” என்றாள் மனைவி. “இப்பவே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் போகவில்லை. நாலு நாள் அவர் கடையைத் தவிர்த்து, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஐந்தாம் நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானத்தில் போனேன். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, இரண்டு டீ குடித்து, கடையிலிருந்த கடைசி ஆளும் கிளம்பும்வரை காத்திருந்தேன். பிறகு உள்ளே போய், “தப்பு என்னுதுதான் பாய். கையெழுத்து அடுத்த ஸ்பீக்கர்ல இருந்துச்சு. மன்னிச்சுடுங்க” என்றேன்.

அவர் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“அதயே அன்னிக்கு மாதிரி நாலு பேர் இருக்கசொல்ல வந்து சொல்லியிருக்கலாமே சார். டீக்கடையில நீங்க குந்திகினு இருந்தத பாத்துகினுதான் இருந்தேன்.”