ஒரு மூடி கூடுதல் ஒயில்

அன்பான யாழினி, தர்சன்,

போன கிழமை சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் சேர்ந்து என்னை மடக்கிவிட்டீர்கள். "அப்பா, நீங்கள் திருத்துற டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எல்லாத்தையும் தடை செய்யோணும் எண்டு எங்கட ரீச்சர் சொன்னவா. நீங்கள் ஏன் இன்னும் அதைத் திருத்துறீங்கள்?" என்று நீ கேட்டாய், யாழினி. தர்சன் என் ஜாக்கெற் நாறுகிறது என்று பிரெஞ்சில் சொல்லி மூக்கைப் பொத்தினான்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. நான் அதிகம் படித்தவன் இல்லை. வாயால் வாதாடவும் வராது. அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும். பரவாயில்லை, மெதுவாக வாசியுங்கள்.

உங்கள் ரீச்சர் சொன்னது சரி

நம்முடைய காரில் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்குள் ஊற்றும் ஒயில் உள்ளேயே நின்று வேலை செய்யும். டூ ஸ்ட்ரோக் அப்படியில்லை. பெற்றோலோடு சேர்ந்து ஒயிலும் எரியும், எரிந்து புகையாக வெளியே வரும். எரியாத பெற்றோலும் கொஞ்சம் கூடவே தப்பி வந்துவிடும். பாரம் குறைவு, இழுவை அதிகம், அதனால்தான் பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்கும் காட்டில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கும் அதைப் போட்டார்கள். நல்ல குணமும் கெட்ட குணமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

நான் வேலை செய்யும் கராஜ் செயின்ட்-மிஷேலில் இருப்பது உங்களுக்குத் தெரியும். முதலாளி லூக். நான் முதல்நாள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது இந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. பிரெஞ்சில் 'போன்ஜூர்' மட்டும் தெரியும். உள்ளே யாரோ ஒரு டூ ஸ்ட்ரோக்கை முறுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வராத காலத்தில் மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் நாங்கள். எங்கள் ரோட்டெல்லாம் ஏறக்குறைய அதே மணம்தான். பனி கொட்டும் ஊரில் எனக்குத் தெரிந்த முதல் ஆள் அந்தப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரும் மெஷின்கள் வேறு. கம்பியூட்டர் ஒயிலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் வந்துவிட்டது, பற்றரியில் ஓடுவதும் வந்துவிட்டது. பழைய டூ ஸ்ட்ரோக் ஒவ்வொன்றாகக் கராஜின் பின்பக்கம் போய்ப் பனி மூடிக் கிடக்கிறது.

மரியதாஸ் அண்ணையின் மெஷின்

மரியதாஸ் அண்ணை திருகோணமலைக்காரர். ஊரில் கடல் தொழில், இங்கே டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. வடக்கே ஓர் ஏரி பனிக்காலத்தில் உறைந்ததும், லீவு நாளில் அங்கே போய் ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பார். கரையிலிருந்து நடு ஏரிக்குப் போவதற்கு ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் வைத்திருந்தார்.

அந்த ஏரிப் பாதையைப் பார்த்துக்கொள்வது ஒரு கிளப். கரையில் வீடுள்ளவர்கள் புகையைப் பற்றி முறையிட்டதால் கிளப் புது விதி போட்டது. பழைய டூ ஸ்ட்ரோக் என்றால் புகைச் சோதனையில் பாஸாக வேண்டும், இல்லையென்றால் ஐஸில் இறக்க முடியாது. அண்ணையின் மெஷின் சோதனையில் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு தடவைதான் கொண்டுபோகலாம்.

"தம்பி, எப்பிடியாவது இதைப் பாஸாக்கித் தா," என்று வந்து நின்றார்.

லூக் அதை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து, நீங்கள் வீட்டில் சொல்லக்கூடாத ஒரு பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னான். "இது மெஷினா, மீன் புகைக்கிற அடுப்பா?" என்று என்னிடம் கேட்டான். நான் அதைத் தமிழில் சொன்னதும், "அவருக்கும் ரெண்டு மீன் புகைச்சுக் கொண்டு வாறன் எண்டு சொல்லு," என்றார் அண்ணை.

பிளக்குகளைக் கழற்றினால் கரி பிடித்து ஈரமாக இருந்தன. மாற்றினேன். சைலன்சர் பக்கத்து வால்வில் பிசின் மாதிரி அழுக்கு. சுரண்டினேன். ஒயில் பம்பின் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. காலியாகக் கிடந்த ராங்கில் கராஜ் பெற்றோலை ஊற்றி ஓடவிட்டால் புகை அடங்கிவிட்டது. அண்ணை சந்தோஷமாகக் கொண்டுபோனார். கொஞ்ச நாளில், சோதனைக்குப் போகமுதலே, திரும்பவும் கொண்டுவந்தார். அதே நீலப் புகை.

எனக்குச் சந்தேகம் வந்து பெற்றோல் ராங்க் மூடியைத் திறந்து மணந்தேன்.

"அண்ணை, இதுக்குள்ள என்ன ஊத்துறீங்கள்?"

"பெற்றோல்தான். பின்ன பாயாசமே?"

"ஒயில் கலந்தோ?"

"கலக்காம ஆராவது ஊத்துவானோ? கலந்து, மேலால ஒரு மூடி கூட விடுறன்."

"இதில ஒயிலுக்குத் தனி ராங்க் இருக்கு அண்ணை. பம்ப் தானே இழுத்துக் கலக்கும். நீங்களும் கலந்தால் ரெண்டு மடங்கு ஒயில் எரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சு கொண்டோ?"

"பம்ப் நிண்டா என்ன செய்வாய்? ஏரி நடுவில வைச்சு ஒயில் இல்லாம எஞ்சின் இறுகினா?"

"இறுகினால் நடந்து வரலாம் அண்ணை. கீழே ஐஸ்தானே."

அவர் சிரிக்கவில்லை. விறகு அடுப்புக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் இருந்தார்.

"எனக்கொரு தம்பி இருந்தவன், சூசை," என்றார். "ரெண்டு பேரும் ஒரே போட். அண்டைக்கு எனக்குக் காய்ச்சல், அவன் தனியப் போனான். எஞ்சினுக்கு எண்ணெயில ஒயில் கலந்து குடுத்தது நான். சாமான் தட்டுப்பாடு. போத்திலில கிடந்த ஒயில் கொஞ்சந்தான், அதைத்தான் விட்டன். எஞ்சின் இறுகினதோ, கடல் அடிச்சதோ, வேற என்னவோ... போட்டும் வரேல்ல, அவனும் வரேல்ல."

நான் அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினேன்.

"அந்த ஏரி நடுவிலதான் தம்பி அவனோட ரெண்டு கதை கதைக்கிறனான். மீன் சும்மா சாட்டு. அங்க விடமாட்டினம் எண்டா நான் எங்க போறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் மெஷினைத் திருத்தினால் போதாது என்று. ஒயில் பம்பிலிருந்து போகும் கறுத்த குழாயைக் கழற்றிவிட்டு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் குழாய் போட்டேன். எஞ்சினை ஓடவிட்டு அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். ஒயில் மெல்ல ஊர்ந்து போனது.

"சேலைன் ஏறுற மாதிரிக் கிடக்கு," என்றார். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, ராங்கில இருக்கிறதை இறக்கு," என்றார்.

ஏரியில்

சோதனை நாளில் லூக்கிடம் கேட்டு நானும் கூடப் போனேன். கிளப்பிலிருந்து வந்த ஒரு பெண் சைலன்சர் வாயில் மீற்றரைப் பிடித்தாள். புகை கண்ணுக்கே தெரியவில்லை. "பாஸ்," என்று முன் கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினாள். இந்தப் பனிக்காலம் மட்டும்தான், அடுத்ததிலிருந்து ஃபோர் ஸ்ட்ரோக்கும் பற்றரியும் மட்டுமே என்றும் சொன்னாள். "மெர்சி, மெர்சி," என்று அண்ணை அவளுக்குக் கும்பிடே போட்டுவிட்டார்.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறி நடு ஏரிக்குப் போனார். எஞ்சின் சத்தம் நின்றது. எனக்கு ஒரு கணம் பயம் பிடித்துக்கொண்டது. பிறகு தானே நிற்பாட்டியிருப்பார் என்று நினைத்தேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகத் திரும்பி வந்தார்.

"நல்லா ஓடுது தம்பி. பட்டு மாதிரி ஓடுது."

"பிறகென்ன அண்ணை, முகம் இப்பிடிக் கிடக்கு?"

"மணம் இல்லையடா. நிப்பாட்டினதும் அந்தப் புகை கொஞ்ச நேரம் என்னைச் சுத்தி நிக்கும். அவன்ர சேட்டில அடிக்கிற அதே மணம். இண்டைக்கு வெறும் குளிர் காத்துத்தான்."

ஜாக்கெற்றுக்குள்ளிருந்து ஒரு சின்ன ஒயில் போத்திலை எடுத்தார். "ஒரு மூடி விடட்டோ? ஸ்டிக்கர் ஒட்டியாச்சுத்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

பிள்ளைகள், ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. எனக்கும் அந்த மணம் வேண்டியிருந்தது. ஆனால் கரையில் ஒரு தாய் குழந்தையைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வேண்டாம் அண்ணை," என்றேன். "அந்தப் பிள்ளையும் இந்தக் காத்தைத்தானே இழுக்குது."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். "சூசையும் உன்னை மாதிரித்தான். ஒண்டும் செய்ய விடான்," என்று போத்திலை என் கையில் திணித்தார். "நீயே வைச்சிரு. என்னட்ட இருந்தா ஊத்திப்போடுவன்."

"அடுத்த பனிக்கு பற்றரி மெஷின் ஒண்டு பாப்பமோ அண்ணை?"

"மணமும் இல்லை, சத்தமும் இல்லையெண்டா அவனுக்கு நான் வந்தது எப்பிடியடா தெரியும்?" என்றார். பிறகு, "பாப்பம்," என்றார். திரும்பவும் ஏறி நடு ஏரிக்குப் போனார். இந்த முறை கனநேரம் நின்றார்.

யாழினி, உன் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். விதி சரி. புகை கூடாது. அந்த விதிக்குள் வண்டியைக் கொண்டுவருவதும் என் வேலைதான், அதனால்தான் இன்னும் திருத்துகிறேன். ஆனால் ஒன்றை நிற்பாட்டச் சொல்லும்போது, அதை விடமுடியாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒருமுறை கேளுங்கள். நான் முதல் தரம் பிளக்கைக் கழற்றினேன், அவரிடம் கேட்கவில்லை. இப்போது யார் வண்டி கொண்டுவந்தாலும் ஸ்பானரை எடுக்கமுதல் கேட்கிறேன்.

ஏரிக்குப் போய்வந்த அடுத்தநாள் காலையில் லூக் வருவதற்கு முன் கராஜைத் திறந்தேன். விறகு அடுப்பை மூட்டி, அதன் மேலுள்ள இரும்புத் தட்டுச் சூடாகும் வரை நின்றேன். அண்ணை தந்த போத்திலின் மூடியைத் திறந்து, விரலில் தொட்டு, ஒரேயொரு சொட்டை அந்தத் தட்டின் மேல் விட்டேன். நூல் மாதிரி நீலமாக ஒரு புகை எழும்பியது. ஜாக்கெற்றைக் கழற்றாமல், அது முடியும் வரை பக்கத்தில் நின்றேன். பிறகு கதவைத் திறந்துவிட்டேன்.