கிரீஸ் டப்பா ராசி

என்னை ஓரிடத்தில் உட்காரவைக்க எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். பெஞ்சை ஆட்டி ஆட்டி அதன் ஒரு காலையே கழற்றிவிட்டேன் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட என்னை, ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரே இடத்தில் கட்டிப்போட்டது இந்திய கிரிக்கெட் அணி. அதிலும் ஒரு விசேஷம் உண்டு. இடத்தைவிட்டு எழக்கூடாதே தவிர, குதிகால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை அப்பாவும் சித்தப்பாவும் நடத்திவந்தார்கள். இந்தியா ஆடும் நாளில் பட்டறை ஷட்டர் பாதி இறங்கிவிடும். வண்டிக்காரர் யாராவது வந்து கேட்டால் வெல்டர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று பதில் வரும். அந்த வெல்டர் எங்கள் சித்தப்பாதான். டிவிக்கு முன்னால் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது. அம்மாவின் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கும். அந்தத் திரைக்குப் பின்னால், சமையலறைப் பக்கம், பட்டறையிலிருந்து வந்த காலி கிரீஸ் டப்பா ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அதுதான் என் ஆசனம். சேலையில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்தால் டிவி நன்றாகத் தெரியும். டிவியைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாம் தெரியமாட்டோம், அவர்கள் முதுகுதான் நமக்குத் தெரியும்.

ஒரு நாள் நான் அதில் உட்கார்ந்து, வேகவைத்த கடலையைத் தின்றபடி குதிகாலால் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். இந்தியா எட்டு விக்கெட்டை இழந்து தத்தளித்துக்கொண்டிருந்த நேரம். சத்தத்தை நிறுத்து என்று அப்பா அதட்டினார். நிறுத்தினேன். அடுத்த பந்தில் ஒன்பதாவது விக்கெட் போனது. சித்தப்பா மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தார். தட்டு கண்ணு, நீ தட்டு என்றார். தட்டினேன். கடைசி இரண்டு பேரும் நின்று ஆடி ஜெயித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு என் தலையில் விழுந்தது அந்தப் பொறுப்பு. இந்தியா மட்டை பிடிக்கும்போதெல்லாம் நான் டப்பாவில் இருந்தாக வேண்டும், தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு ராசி வந்த அதே மாதம் அம்மாவுக்கு ராசி போனது. டீ எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள், ஒரு விக்கெட். முறுக்குத் தட்டோடு வந்தாள், இன்னொன்று. ராத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்க வந்தபோது நிலைத்து ஆடிக்கொண்டிருந்தவரே போய்விட்டார். சித்தப்பா எழுந்து நின்று கும்பிட்டார்.

“அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போவுதுங்க. மேச்சு முடியற வரைக்கும் உள்ளயே இருந்துக்கங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதன் பிறகு டீத் தட்டு திரைக்கு அடியில்தான் போகும். ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். அம்மா அடுப்படியில் நின்றபடி அவ்வப்போது என்னிடம் கேட்பாள். எத்தனை ஆச்சு என்பாள். இப்ப யாரு பந்து போடறது என்பாள். டீ எப்போது வைப்பது என்று கணக்குப் போடக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, போகிற போக்கில் பதில் சொல்வேன். சில சமயம் சலித்துக்கொண்டு பதில் சொல்லாமலும் இருந்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அரையிறுதி. காலையில் தொடங்கிய ஆட்டத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தியா மட்டை பிடித்தது. அதே நாள் நாலு மணிக்கு எங்கள் தெருவுக்கும் சந்தைப்பேட்டைப் பிள்ளைகளுக்கும் ஏரியில் ஆட்டம். இந்தியா ஆடும் நாளாகப் பார்த்து ஏன் வைத்தோம் என்றால், அன்றைக்குத்தான் ஏரி எங்களுக்குக் கிடைக்கும். வற்றிய ஏரியின் நடுவில் நல்ல பிட்ச் ஒன்று இருந்தது. மற்ற நாட்களில் அது பெரிய பையன்களின் சொத்து. இந்தியா ஆடினால் அவர்கள் டிவி முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எங்கள் கேப்டன் பக்கத்து வீட்டு அண்ணன், எட்டாம் வகுப்பு. அதுவரை என்னைக் கருவேல முள்ளுக்குள் விழும் பந்தைப் பொறுக்கத்தான் வைத்திருந்தான். முதல் தடவையாக, இந்த ஆட்டத்தில் நீ ஒன் டவுன் என்று சொல்லியிருந்தான். வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மணி நாலாகியும் நான் டப்பாவில் இருந்தேன். ஐந்து விக்கெட் போயிருந்தது, இன்னும் முப்பது சொச்சம் ரன் வேண்டும். பொடக்காலியில், அதாவது எங்கள் வீட்டுப் பின்கட்டில், வேலிக்கு அந்தப் பக்கம், கேப்டன் விசில் அடித்தான். குதிகாலைத் தட்டிக்கொண்டே பின்வாசலைப் பார்த்தேன். இரண்டாவது விசில். உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. போய்வரட்டுமா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் திரும்பாமலே, இந்த ஆளு அவுட்டாயிட்டா அப்புறம் போலாம் கண்ணு என்றார். ஒரு இந்திய ஆட்டக்காரர் அவுட்டாக வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அவரோ நங்கூரம் போட்டு நின்றார். மூன்றாவது விசில் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. குதிகால் மட்டும் நிற்கவில்லை.

அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் விரலை வைத்துச் சைகை செய்தபடி வந்து, என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என் தாளத்துக்குச் சரியாக விரல் முட்டியால் டப்பாவைத் தட்டத் தொடங்கினாள். கண்ணால் என்னை எழச் சொன்னாள். நான் நழுவி இறங்கினேன். சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். தாளம் ஒரு நொடிகூடத் தவறவில்லை.

“போ சாமி. நான் தட்டிக்கறேன்.”

“அப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“தெரியாது போ. நீ மெதுவாவே வா. ஒண்ணும் அவசரமில்ல.”

நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதற்குள் வேலியைத் தாண்டியிருந்தேன்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முதல் விக்கெட் போய், எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் முறைத்தபடி மட்டையை நீட்டினான். மூன்றாவது பந்தை மதகுப் பக்கம் தூக்கி அடித்தேன், நாலு ரன். பிறகு ஓடி இரண்டு எடுத்தேன். ஆனால் மனசு முழுக்க மட்டையில் இல்லை. பாதி வீட்டில் இருந்தது. அம்மா தாளத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும், அப்பா திரையை விலக்கிப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பந்து கையை விட்டுக் கிளம்பிய அதே நேரம் ஊர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பிய ‘ஐயய்யோ’. இந்தியாவுக்கு விக்கெட் போய்விட்டது. நான் தலையைத் திருப்பி ஊரைப் பார்த்தேன். பின்னால் என் ஸ்டம்ப்பும் விழுந்தது.

சத்தம் வந்ததால் அந்தப் பந்து செல்லாது என்று எங்கள் ஆட்கள் சண்டைக்குப் போனார்கள். நான் சண்டைக்கு நிற்கவில்லை. டப்பாவை விட்டு வந்ததால்தான் விக்கெட் போனது, அதுவும் ராசியில்லாத அம்மாவை உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன். மட்டையைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினேன். ஃபீல்டிங்குக்கு ஆள் குறையுதுடி என்று கேப்டன் கத்தியது கரை ஏறும் வரை கேட்டது.

பின்வாசலில் நுழையும்போதே பால் தீய்ந்த வாடை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பால் பொங்கி வழிந்து கருகிப்போயிருந்தது. எனக்குத் தெரிந்து அம்மா ஒரு நாளும் பாலைப் பொங்கவிட்டவள் இல்லை. ஓடிப்போய் நானே அடுப்பை அணைத்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கிழிசலில் கண்ணை வைத்து, கன்னத்தைத் திரையோடு அழுத்தி உட்கார்ந்திருந்தாள். குதிகால் இரண்டும் என்னைவிட வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

“அப்படித்தான் கண்ணு, நிறுத்தாத. அப்பப் போல நிறுத்திப்போடாத” என்று திரைக்கு அந்தப் பக்கம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் அம்மா ஆட்டத்தைப் பார்த்தபடி தட்ட மறந்திருக்கிறாள். அப்போதுதான் அந்த விக்கெட் போயிருக்கிறது.

நான் அவள் தோளைத் தொட்டேன். வந்துவிட்டேன், எழுந்திரு என்று சைகை செய்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

“இரு சாமி. ரெண்டே ஓவரு.”

பாவம், நாம் மாறி உட்காரும்போது இன்னொரு விக்கெட் போய்விடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். சுவரோடு சாய்ந்து நின்றேன். டிவி எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் கழுத்து நரம்புதான் தெரிந்தது. ஒவ்வொரு பந்துக்கும் அவள் மூச்சு நின்று வந்தது. ஒரு கட்டத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து அவள் அழுத்திய அழுத்தில் வளையல் ஒன்று உடைந்தது, அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு ஓவரையும் அம்மா இன்றும் பந்துக்குப் பந்து சொல்வாள்.

கூடத்தில் கூச்சல் வெடித்தது. அம்மா துள்ளி எழுந்து, என்னைப் பிடித்து டப்பாவில் உட்காரவைத்து, அடுப்பை நோக்கித் திரும்பினாள். மறு நொடி திரை விலகியது. சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அப்பா என் குதிகால் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏரிப் புழுதி அவர் இமையில் ஒட்டியது, அதை அவர் கவனிக்கவில்லை. நானும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டேன். இருந்த சந்தோஷத்தில் அப்பா அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொன்னார்.

“நல்ல வேளை புள்ள, இன்னைக்கு நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல.”

“ஆமாங்க” என்றாள் அம்மா, கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே.

எங்கள் தெரு நாலு ரன்னில் தோற்றது. ஆட்டத்தின் நடுவில் ஓடிப்போனவளை இனிமேல் சேர்ப்பதில்லை என்று கேப்டன் மறுநாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா சும்மா கேட்பதைப் போலக் கேட்டாள்.

“பைனலு அடுத்த ஞாயித்துக்கெழமதான சாமி? அன்னைக்கும் உங்களுக்கு ஏரியில ஆட்டம் இருக்குதா?”

நான் பூரித்துப்போனேன். பொம்பளைப் பிள்ளைக்கு என்ன கிரிக்கெட்டு என்று யாராவது சொல்லும்போது அதுவரை ஒன்றும் பேசாத அம்மா, என் ஆட்டத்தைப் பற்றி வாய்விட்டுக் கேட்கிறாள். என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி அவள் ஆசையைக் கெடுக்க மனம் வரவில்லை. இருக்குதும்மா, பெரிய மேச்சு என்றேன். பின்னல் ஒரு கணம் நின்றது. பிறகு வழக்கத்தைவிட இறுக்கமாக விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இந்தியா மட்டை பிடித்ததும் டப்பாவில் உட்கார்ந்து நாலு தட்டு தட்டிக் காட்டிவிட்டு, அம்மாவுக்கு இடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஏரியில் ஈ காக்கை இல்லை. இறுதி ஆட்டம் என்பதால் சின்னப் பிள்ளைகள்கூட டிவி முன்னால் இருந்தார்கள். மதகுச் சுவரில் கரியால் மூன்று கோடு கிழித்து, நானே பந்து போட்டேன், நானே போய்ப் பொறுக்கிவந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரிலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் வீட்டுக்கு ஓடலாமா என்று கால் பரபரத்தது. ஆனால் இவ்வளவு சீக்கிரம் போனால் ஆட்டமே இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஊர் அடங்கும் வரை இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு ரன் அடித்தேன் என்று சொல்வதாக முடிவு செய்துகொண்டு, எந்தப் பந்தை எங்கே அடித்தேன் என்றுகூட வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்தேன்.

இந்தியா தோற்றிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் சாவு வீட்டில் இருப்பவர்களைப் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் மறுபடியும் பால் தீய்ந்த வாடை. அம்மா முகம் மட்டும் சிவந்து பளபளவென்று இருந்தது. எனக்கு டீ ஊற்றி, வழக்கத்துக்கு மேல் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எத்தனை ரன் அடித்தாய் என்று அம்மா கேட்கவே இல்லை. மகள் வெயிலில் ஆடிவிட்டு வந்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இரண்டு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தேன்.