காகம் கொத்திய சேதி

இன்று காலை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஒரு காகம் என் உச்சந்தலையில் கொத்திவிட்டுப் பறந்தது. "பக்கத்து மரத்துல குஞ்சு பொரிச்சிருக்கும்மா. கிட்ட போனா யாரையும் கொத்துது," என்றாள் மகள்.

ஆரணியில் அம்மாவையும் இப்படித்தான் கொத்தியது. எழுபதுகளில் ஒரு கோடை. கூடு இருந்த புங்க மரத்தடியில், தறிக்காகத் தெருவில் நீட்டிக் கட்டிய பட்டுப் பாவில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் இழை. தலையை மறைக்க முடியவில்லை.

காகம் தலையில் கொத்தினால் சாவு வருமாம். செத்துவிட்டதாகப் பொய்ச் சேதி அனுப்பி, உறவில் ஒருவர் அழுதபின் தலைக்கு ஊற்றிக்கொண்டால் தோஷம் கழிந்துவிடுமாம். சித்தப்பா போளூருக்குப் பஸ் ஏறி அம்மாவின் அக்காவிடம் சொன்னார். மாரடித்துக்கொண்டு வந்த பெரியம்மா, வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற அம்மாவை ஓங்கி அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதாள்.

அடுத்த கோடையில் அம்மா காய்ச்சலில் நிஜமாகவே போய்விட்டாள். அதே சித்தப்பாதான் போளூருக்குப் போனார்.

"யக்கா, அண்ணி பூட்டாங்கக்கா."

"இன்னா, இந்த வருசமும் காக்கா கொத்திடுச்சா? போன தபா அழுததே போதும், போ."

அவர் அழுததையும் நடிப்பு என்றே நினைத்தாளாம்.

மறுநாள் பை நிறைய மாம்பழத்தோடு அவள் வந்தபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். "எங்கடி உங்கம்மா, தலைக்கு ஊத்திகினாளா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டேதான் படியேறினாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்து தலையைக் கழுவிக்கொண்டேன். காகம் கொத்தியதை யாரிடமும் சொல்லாதே என்றேன் மகளிடம்.