ஓடைக்கரைப் புதரை எரித்த வருடம்

எங்கள் முந்திரிக் கொல்லையில் தரை எப்போதும் பெருக்கிய வாசல் மாதிரி இருக்க வேண்டும் எனக்கு. பங்குனியில் கொட்டை விழும்போது சருகுக்குள் கையை விட்டுத் துழாவுவது ஆகாது. ஒருமுறை அப்படித் துழாவியபோது சருகுக்கடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. அது சீறிய சீறல் இன்னும் காதிலேயே இருக்கிறது. அதிலிருந்து தை பிறந்தால் போதும், சருகு எரிக்க ஆள் கூப்பிட்டுவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை, கொல்லை முழுக்க என் பொறுப்பு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைப்போல் சுத்தமாகக் கொல்லை வைத்திருப்பவள் கிடையாது என்று எனக்கு ஒரு திமிரே உண்டு.

வழக்கமாகச் சருகைக் கூட்டி, மரக்கிளை எட்டாத இடமாகப் பார்த்து, சின்னச் சின்னக் குவியலாகப் போட்டுக் கொளுத்துவோம். கைத்தெளிப்பானில் தண்ணீரோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். ஒரு குவியல் அணைந்த பிறகுதான் அடுத்தது. மூன்று நாள் இழுத்துவிடும். அந்த வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. கொல்லைக்குக் கிழக்கே ஓடை. அதன் கரை நெடுகக் காரையும் சூரையும் நுணாவும் புதராகப் பின்னிக் கிடந்தன. மொத்தச் சருகையும் அந்தப் புதர்மேல் தள்ளிக் கொளுத்தினால் சருகும் ஒழியும், புதரும் ஒழியும், வேலையும் ஒரே நாளில் முடியும். இந்தப் பக்கம் நிறையப் பேர் செய்வதுதான்.

தீ வைக்க வந்தவர் தயங்கினார். “ஓடப்பக்கம் மட்டும் விட்டுடலாம்மா. கொம்புத்தேனு கட்டியிருக்கு. பட்டுப்போன கட்டையில கருவண்டு வேற கொடஞ்சி வச்சிருக்கு.”

“தேனுக்குப் பாத்தா பாம்பையும் சேத்து வளக்கணும். வைங்க தீய,” என்றேன்.

அவர் காற்றைப் பார்த்தார், சுற்றிலும் மண்ணை நனைத்தார், பிறகு வைத்தார். தீ எல்லையை ஓர் அடிகூடத் தாண்டவில்லை. பச்சைக் கொம்புகள் பட்பட்டென்று வெடித்தன. சாயங்காலத்துக்குள் ஓடைக்கரை மொட்டையாகிவிட்டது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் சாம்பலைப் பார்க்கப் போனேன். கரைமேல், ஆள் தலை உயரத்தில், காற்றில் ஒரு கறுப்பு நின்றுகொண்டிருந்தது. கீழே ஒன்றும் இல்லை, மேலே ஒன்றும் இல்லை. கறுப்பு மட்டும் லேசாக விரிந்தது, சுருங்கியது. கிட்டத்தில் போனபிறகுதான் தேனீக்கள் என்று தெரிந்தது. முன்பு கூடு தொங்கிய கொம்பு இருந்த அதே இடத்தில், இல்லாத அந்தக் கொம்பில் உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தன. கீழே சாம்பலுக்கு மேல் ஒரு கருவண்டு, எரிந்துபோன கட்டை கிடந்த நீளத்துக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. அவ்வளவு பக்கத்தில் நின்றும் ஒன்றுகூட என்னைக் கொட்டவில்லை. என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கொட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தியின் நிலம். என் கொழுந்தனாரின் மனைவி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். கொழுந்தனார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மத்தியானம் அந்தப் புதர் நிழலில் சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் போனபிறகு குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தை அந்த வருடம்தான் அவள் திரும்ப வாங்கித் தானே பரங்கி போட்டிருந்தாள். குரும்பலூரில் இருக்கும் அவள் அண்ணன், நிலத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஓயாமல் போன் செய்துகொண்டிருந்தார். இந்த ஒரு வெள்ளாமை நல்லபடியாக வந்தால் இங்கேயே காலூன்றிவிடலாம் என்பதுதான் அவள் எண்ணம்.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, ஓடைக்குள் இறங்கி என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அக்கா, அவரு வந்து நிக்கிறாருக்கா. பொழுது எறங்கற நேரம். அவரு ஒசரத்துக்குத் தல மட்டும் கருப்பாத் தெரியிது.”

அது என்ன என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் பயந்து அழவில்லை, சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். கிடைத்த ஆறுதலை நாம் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். அது பாதி நிஜம். கூட்டை எரிக்காதே என்று ஒருவர் சொல்லியும் எரித்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அது மீதிப் பாதி.

ஐந்து நாள் கழித்து அந்தக் கறுப்பு காணாமல் போனது.

மாசியில் அவள் பரங்கி பூத்தது. ஒருநாள் விடிகாலை அவள் கூப்பிட்டுப் பார்க்கப் போனேன். நிலம் முழுக்க மஞ்சள் பூக்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. என்னவோ சரியில்லை என்று தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: சத்தம் இல்லை. பூத்த கொல்லையில் காலையில் ஓர் இரைச்சல் இருக்குமே, அது இல்லை. பூவுக்குள் எட்டிப் பார்த்தால் மகரந்தம் தொடப்படாமல் அப்படியே இருந்தது. செத்த வீட்டில் பாத்திரம் விளக்கி அடுக்கி வைத்திருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. பிஞ்சுகள் விரல்பருமனில் மஞ்சளித்து, தொட்டால் உதிர்ந்தன.

அந்த வருடம் ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம் ஒழிப்பதென்று ஜேசிபி விட்டு எல்லாப் புதரையும் வழித்திருந்தார்கள். காப்புக்காட்டு ஓரத்திலும் தீத்தடுப்புக்கு அகலமாகச் செதுக்கியிருந்தார்கள். தேனீயும் வண்டும் தங்க மிச்சமிருந்தது எங்கள் ஓடைக்கரை ஒன்றுதான், அதை நான் எரித்துவிட்டேன். என் முந்திரியிலும் பூ கருகிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அந்தக் கரையை நான் தொடுவதில்லை. நுணா அடுத்த மழையிலேயே துளிர்த்துவிட்டது. தேன் திரும்பி வர இரண்டு வருடம் ஆனது.

ஆனால் பிஞ்சு உதிர்ந்ததற்கு அவள் அன்றைக்கு வேறு கணக்குப் போட்டிருந்தாள். “அவர ஒரு வார்த்த கேக்காம வெதச்சிட்டேன்ல. அதான் பாத்துட்டுக் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாரு. வர்ற வெள்ளிக்கெழம அண்ணன் வண்டி எடுத்துக்கிட்டு வருதுக்கா. நான் கெளம்பறேன்.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஒரு கோழை வேலை செய்தேன். என் பிறந்த வீட்டில், தேனீ வராத அடைமழைக் காலத்தில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிட்டுப் புடலை காய்க்க வைப்போம். மறுநாள் வெளுக்கும்போதே ஓடையைத் தாண்டி அவள் நிலத்துக்குள் போனேன். ஆண்பூவின் இதழைக் கிழித்துவிட்டு, பிஞ்சுள்ள பூ ஒவ்வொன்றிலும் தொட்டுத் தொட்டு வைத்தேன். அந்த அமைதியில் என் மூச்சுச் சத்தமே எனக்கு வேறு யாருடையதோபோல் கேட்டது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஓடையோரத்து மூன்று வரிசை முடிவதற்குள் வெயில் ஏறிப் பூக்கள் வாடத் தொடங்கின. நான்கு நாள் அப்படிப் போனேன்.

வியாழக்கிழமை அவள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“மனசு எறங்கிட்டாருக்கா! ஓடையோரமா மட்டும் காய் நிக்கிது. அவரு ஒக்காந்த எடத்துப் பக்கமாவே! அண்ணன வர வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“சரிடி. காலையில நீயும் போயிப் பாரு,” என்றேன்.

“அய்யய்யோ, நான் போவக் கூடாதுக்கா. ஆள் நடமாட்டம் இருந்தா வர மாட்டாரு. வெயில் ஏறுற வரைக்கும் அந்தப் பக்கமே தல வச்சிப் படுக்க மாட்டேன். எல்லா வரிசையையும் அவரே பாத்துப்பாரு.”

அந்தக் கொல்லைக்கு வந்துபோகும் ஆவி நான்தான். நான் ஒருத்தி மூன்று வரிசைக்கு மேல் முடியாது. இன்னும் பதினெட்டு வரிசை இருந்தது. அவள் வீட்டில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தால் அத்தனையும் உதிர்ந்துபோகும், பிறகு அண்ணன் வண்டி வரத்தான் செய்யும்.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றாள், திட்டினேன். வரப்பில் நிறுத்தி, ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, பெண்பூவில் தொட்டுக் காட்டினேன். தொட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தீ வைத்தவர் தடுத்தது, கூடு எரிந்தது, சாயங்காலம் காற்றில் நின்ற கறுப்பு எது என்பது, நான்கு நாளாக வந்துபோனது யார் என்பது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, பூவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவள் ஓடைக்கரையைத் திரும்பிப் பார்த்தாள். சுற்றிலும் அந்தச் சத்தமில்லாத பூக்கள்.

“அப்ப அவரு வரவே இல்லியாக்கா?”

“இல்லடி.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து ஒரு பூவைப் பறித்து, நான் செய்தமாதிரியே இதழைக் கிழித்தாள். வெயில் ஏறும்வரை இருவரும் ஆளுக்கொரு வரிசையாகப் போனோம். வரிசை முடிவில் எதிரெதிரே வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

“அந்த அஞ்சு நாளும் இங்க நின்னு அவருகிட்ட என்னென்னவோ பேசுனேன்க்கா,” என்றாள்.