இசைவாணிக்கு இளைப்பு

கண்ணகியின் வாய்க்குப் பயப்படாத கரும்பு வெட்டு மேஸ்திரி மணலூர்பேட்டைப் பக்கத்தில் கிடையாது. தோட்டத்தில் பாம்பு கிடந்தாலும் காய்ந்த கரும்புச் சோகையோடு ஒதுக்கிவிட்டு வெட்டிக்கொண்டு போவாள். அவள் பயந்தது ஒரே ஒரு நோய்க்கு. அவளுடைய அண்ணன் இருசப்பன் மூச்சு விட முடியாமல் இளைப்பில்தான் போய்ச் சேர்ந்தான்.

கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடியதிலிருந்து மகள் இசைவாணி வீட்டோடு கிடந்தாள். ஆறாம் வகுப்பு. ஓட்டப் பந்தயத்தில் தட்டும் டம்ளரும் வாங்கி வந்த பிள்ளை. காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று கண்ணகி தெருவில் இறங்க விடவில்லை. செல்போனும் முறுக்குமாகப் பொழுது போயிற்று. தீபாவளிக்கு எடுத்த சட்டை கார்த்திகைக்குள் இறுக்கிப் பிடித்தது.

வீடு வீடாகச் சூடு பார்க்க வந்த நர்சம்மா, வாசலில் நின்றபடியே பிள்ளையைப் பார்த்து முகக்கவசத்துக்குள் ஏதோ சொன்னார். கண்ணகியின் காதில் ‘இளைப்பு’ என்றுதான் விழுந்தது. திரும்பக் கேட்க வாய் வரவில்லை.

அன்றிலிருந்து மகளைத் துடைப்பத்தைக்கூடத் தொட விடவில்லை. சோறு கைக்கே வந்தது. கடைசியில் கொல்லைப்புறம் போய்வந்தாலே இசைவாணிக்கு மூச்சு வாங்கியது. இனித் தாங்காது என்று பொங்கலுக்கு முன்னால் தியாகதுருகம் டாக்டரிடம் கிளம்பினாள்.

தியாகதுருகம் எல்லையிலேயே பஸ் நின்றுவிட்டது.

“இதுக்கு மேல போவாதுமா. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். எறங்கி நடங்க” என்றார் கண்டக்டர்.

“நோவுக்காரப் புள்ளைய வச்சிக்கினு எப்பிடி நடப்பேன்?”

“ரோட்ட நானா மறிச்சேன்? என்னியும்தான் நிக்க வச்சிட்டாங்க.”

நடந்தார்கள். புளியமரத்துக்குப் புளியமரம் இசைவாணி உட்கார்ந்தாள். தூக்கிக்கொள்ளலாம் என்று குனிந்த கண்ணகியால் அவளை அசைக்கக்கூட முடியவில்லை. ஒவ்வொரு முறை மகள் உட்காரும்போதும் அண்ணன் முகம் வந்து போயிற்று.

டாக்டரம்மா நெஞ்சிலும் முதுகிலும் குழல் வைத்துப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டார்.

“மூச்சு சுத்தமா இருக்கு. இளைப்பெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா. மாசக்கணக்கா உக்காந்தே இருந்திருக்கா. எடை ஏறிப்போச்சு, உடம்புல தெம்பு இல்ல. கொஞ்சம் கொஞ்சமா ஓடியாட விடுங்க.”

“நர்சம்மாவே இளைப்புன்னு சொன்னாங்களேம்மா.”

இசைவாணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இளைப்புன்னு சொல்லல. ஓடியாடி இளைக்கணும்னு சொன்னாங்க.”

டாக்டரம்மாவின் கண்கள் முகக்கவசத்துக்கு மேலே சிரிப்பில் சுருங்கின. கண்ணகி எழுந்த ஸ்டூலிலேயே திரும்ப உட்கார்ந்தாள். ‘இளைக்கணும், இளைக்கணும்’ என்று வாய்க்குள்ளேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மேஸ்திரி யாராவது அப்போது அவளைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

“ஏன்டி, அப்பவே இன்னா ஏதுன்னு சொல்றதுக்கு இன்னா?”

“நீ எங்க கேட்ட? நீ பாட்டுக்கு ஊட்டிவுட்டுக்கினு இருந்த.”

மறுநாள் விடிந்ததும் மகள் முன்னால் குடம் வந்து உட்கார்ந்தது.

“நேத்து வரைக்கும் தண்ணி மோந்து கைல குடுத்த” என்று முனகினாள் இசைவாணி.

“நேத்து உனக்கு நோவு. இன்னிக்கி இல்ல. எடு.”

தெருக்குழாயிலிருந்து அவள் வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது, மீதி பாவாடையில். மூச்சு வாங்கிக்கொண்டு கதவைப் பிடித்து நின்றாள். கண்ணகி ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. அடுப்பை ஊதியபடி, மூச்சு அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அடுத்த குடத்தை நகர்த்தி வைத்தாள்.