வியன்னாவில் விட்ட செருப்பு

போன அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வியன்னா நகரத்தில் எங்களுக்கு அதுதான் கடைசி நாள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள், நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன் இதையும் பார்த்துவிடட்டும் என்று என்னையும் என் கணவரையும் அழைத்து வந்திருந்தாள். சாயங்காலம் எங்களுக்கு அங்கிருந்தே விமானம். அவள் தனியாக ரயிலேறிப் போய்விடுவாள். அதை நினைத்து நினைத்துக் காலையிலிருந்தே அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செஞ்சியில் கிளம்பும்போதே எனக்கு இருந்த ஒரே பயம் என் கணவரின் கால்தான். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியால் இரண்டு பாதத்திலும் உணர்ச்சி போய்விட்டது. கம்பி குத்தியது தெரியாமல் நடந்து, புண் உள்ளே புரையோடி, இடது காலில் ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து, இப்படி உணர்ச்சியற்ற காலுக்கென்றே செய்யும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு இல்லாமல் ஓரடி வைக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வீட்டுக்குள்ளும் போடச் சொன்னார். கேட்டால்தானே! "வூட்டுக்குள்ள செருப்போட நடந்தா வெளங்குமா?" என்பார். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அன்று மதியம், ஒரு பழைய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு விமான நிலையம் போவதாகத் திட்டம். நானும் மகளும் முன்னால் போய்விட்டோம். இவர் மெதுவாகப் பின்னால் வந்தார். உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்தால், காலில் வெறும் சாக்ஸ்!

"இன்னாங்க, செருப்பு எங்க?"

"சாமி இருக்குற எடத்துல செருப்பா? வெளிய ஒருத்தர் குந்தினு இருக்காரு. அவராண்ட வுட்டுட்டு, ஒரு காசும் போட்டுட்டு வந்தேன். இன்னாவோ கேட்டாரு, தலையாட்டினேன்."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. நம் கோயில் வாசலில் அப்படித்தானே விடுகிறோம்? வேளாங்கண்ணிக்குப் போனாலும் வெளியே கழற்றிவிட்டுத்தானே போகிறோம்? மகள்தான் திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயோ நைனா, இங்க யாரும் செருப்ப கழட்ட மாட்டாங்க. அவரு செருப்பு பாத்துக்குற ஆளும் இல்ல, காசு கேட்டு ஒக்காந்திருக்குறவரு!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஆளும் இல்லை, செருப்பும் இல்லை. பிளந்துபோய்க் கயிற்றால் கட்டியிருந்த ஒரு ஜோடி பழைய பூட்ஸ் மட்டும் சுவரோரம் கிடந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. "படுபாவி, பாத்துப் பாத்து வாங்கின செருப்பு!" என்று தெருவென்றும் பாராமல் புலம்பினேன். மாற்றுச் செருப்புகூட எடுத்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையானதால் கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. தெரு முழுக்கக் கருங்கல் பாவியிருந்தது, குளிர் வேறு. இந்தக் காலோடு எப்படி நடப்பார்? ஏதாவது கிழித்தால்கூடத் தெரியாதே. இன்னொரு விரலும் போய்விட்டால்? அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, என் சால்வையால் இரண்டு பாதத்தையும் சுற்றினேன். ரயில் நிலையத்தில் ஏதாவது கிடைக்குமா பார்க்கிறேன் என்று மகள் கிளம்பப் போனாள்.

அப்போது தெருமுனையில் அந்த ஆள் வந்துகொண்டிருந்தார். நரைத்த தாடி, கையில் ஒரு காகிதப் பை. காலில் எங்கள் செருப்பு!

"அதோ, அதோ!" என்று நான் கத்த, அவர் ஓடிப்போகவில்லை. எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார். வந்தவர் பைக்குள்ளிருந்து கம்பளியில் செய்த மெத்தென்ற செருப்பு ஒன்றை எடுத்து என் கணவரின் மடியில் வைத்தார். மகளிடம் படபடவென்று ஏதோ சொன்னார். அவள் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, நைனா செருப்ப தனக்கே குடுத்துட்டாருன்னு நெனச்சிட்டாரு. எனக்கான்னு கேட்டாராம், நைனா தலையாட்டினாராம். கால்ல கெடந்தத கழட்டிக் குடுத்துட்டு வெறும் சாக்ஸோட போறாரே, இந்தக் குளிர்ல எப்படிப் போவாருன்னு, ஏழைங்களுக்குத் துணிமணி குடுக்குற எடத்துக்குப் போயி இத வாங்கினு வந்திருக்காரு."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மகள் விஷயத்தை விளக்கியதும் அந்த மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. சட்டென்று குனிந்து பட்டையை அவிழ்க்கப் போனார். அப்போதுதான் பார்த்தேன். அவர் பாதம் இரண்டும் வீங்கி, விரலிடுக்கெல்லாம் புண். என் கணவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"இருக்கட்டும், போட்டுக்குங்க."

"இன்னாங்க, உங்க காலு!" என்றேன்.

"ஊருக்குப் போனா எனக்கு வேற வாங்கிக்கலாம். டாக்டர் இருக்காரு, நீ இருக்குற. அவருக்கு யாரு இருக்காங்க?"

அந்தக் கம்பளிச் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். உறுத்துகிற மாதிரி எதுவும் இல்லை. நானே மாட்டிவிட்டேன். இவர் அந்த மனிதரிடம், "போடுறதுக்கு முன்னாடி இந்த மாதிரி கைய வுட்டுப் பாக்கணும், தெரிதா?" என்று செஞ்சித் தமிழிலேயே கையாட்டிச் சொன்னார். அவர் உடனே ஒரு செருப்பைக் கழற்றி, உள்ளே தடவிப் பார்த்துத் தலையாட்டினார். மகள் எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழுதாள். பிரிவுக்கு அழுதாளா இதற்கு அழுதாளா தெரியவில்லை.

கால் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது. மறுவாரமே புதிதாக எம்.சி.ஆர். செருப்பு வாங்கிவிட்டோம். ஆனால் கம்பளிச் செருப்பை இவர் தூக்கிப் போடவில்லை. பாறையெல்லாம் கொதிக்கிற செஞ்சி வெயிலில், வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார். "இன்னா டிரைவரே, ஊட்டியில இருக்குறதா நெனப்பா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். டாக்டர் சொல்லியும் நான் கத்தியும் கேட்காத மனுஷன், பாஷை தெரியாத ஒருவர் தன் காலுக்காக ஊரெல்லாம் அலைந்தார் என்பதற்காகக் கேட்கிறார். ஒவ்வொரு நாள் காலையிலும் அதற்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கும்போது, அந்தப் பெயர் தெரியாதவரின் கால் ஆறியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் வேண்டிக்கொள்கிறேன்.